ஒற்றியூரில் ஒற்றி வைத்த பெயர்

மணலிக்குப் பிரயாணம் போகிறோம் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மலையில்லை, அருவியில்லை, சோலையில்லை. வானை நோக்கி நிற்கும் புகைபோக்கிகளும், வரிசை வரிசையாகக் காத்து நிற்கும் எண்ணெய் லாரிகளும், காற்றில் எப்போதும் கலந்திருக்கும் ஒரு நெடியுமே அங்கே வருகிறவர்களை வரவேற்கின்றன.

சங்கீத ரசிகர்களுக்கு மட்டும் மணலி என்ற பெயர் வேறொரு நினைவைத் தரக்கூடும். 18-ஆம் நூற்றாண்டில் இராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த பிரபு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கவிகள் தேடி வந்த அந்தப் பெயரைப் பிற்காலத்தில் கச்சா எண்ணெய்க் கப்பல்கள் தேடி வந்தன. 1965-இல் ஸ்தாபிக்கப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கம்பெனி 1969-இல் மணலியில் வேலையைத் தொடங்கியது. 1971-இல் இரசாயன உர ஆலையும் உற்பத்தியைத் தொடங்கிற்று. அன்று முதல் மணலியின் மேல்வானம் இரவிலும் சிவந்திருக்கிறது.

ஆனால் நாம் புறப்பட்டது எண்ணெயைத் தேடியும் அல்ல, உரத்தைத் தேடியும் அல்ல; ஒரு பெயரைத் தேடி. இங்கிலாந்தில் பிறந்து, சைக்கிள் உறுப்புகள் செய்த பட்டறையில் வளர்ந்து, பிறந்த மண்ணிலேயே மாண்டு, மணலிக்கு அடுத்த திருவொற்றியூரில் உயிர் பிழைத்து, இன்று உலகமெங்கும் உலாவுகின்ற பெயர் அது. 'ராயல் என்ஃபீல்டு' என்று பட்டம் சூட்டிக்கொண்டிருக்கும் அதனை நம் ஜனங்கள் சுருக்கமாகப் 'புல்லட்டு வண்டி' என்கிறார்கள்.

சாத்தாங்காட்டுச் சாலை

மணலியிலிருந்து திருவொற்றியூர் நாலைந்து கிலோமீட்டர் தூரந்தான். பள்ளி விடுமுறை நாளொன்றின் காலைப் பொழுதில் நாம் அந்த வழியே கிழக்கு முகமாகச் சென்றோம். வழியில் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தை வருகிறது. தகடுகளும் கம்பிகளும் குழாய்களும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. கிரேன் யந்திரங்கள் அவற்றைத் தூக்கி லாரிகளில் வைக்கும் ஓசை காதைத் துளைக்கிறது. சந்தைக்கு அப்பால் பக்கிங்காம் கால்வாய். ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடிய அந்த நீர்வழியில் இன்று ஓடுவது என்ன நிறமென்று சொல்வதற்கே தமிழில் சொல் கிடைக்காது.

இவ்வளவு பெரிய இரும்பு வியாபாரத்தின் நடுவே, சாலையோரத்தில் கீற்றுக் கொட்டகையொன்றில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு பழைய வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையின் அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். பால்ரஸ் குண்டுகள் ஒரு தகர மூடியில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. கப்பைத் திருகி வெளியே எடுத்தவர், அதன் மரையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மரை நன்றாயிருக்கிறதா, ஐயா?" என்று கேட்டோம்.

"மரைக்கு என்ன ஸார், இன்னும் இரண்டு தலைமுறைக்கு வரும். குண்டுதான் தேய்ந்துபோச்சு" என்றார்.

அவர் கையிலிருந்த கப்பைப் போன்ற உறுப்புகளின் மரை அளவுக்கு இன்றும் உலகின் பல பாகங்களில் 'பி.எஸ்.ஏ. மரை' என்றே பெயர். பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் 1861-இல் கூடி அமைத்த கம்பெனியின் பெயர் அது. துப்பாக்கிக்கு ஆர்டர் இல்லாத காலங்களில் அவர்கள் சைக்கிள் உறுப்புகள் செய்யத் தலைப்பட்டார்கள். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாத்தி வைத்தது போன்ற அவர்களுடைய முத்திரையைத் தாங்கிய உறுப்புகள் உலகெங்கும் விலைபோயின. கம்பெனி சிதறிப் பல காலமாகியும் மரையின் பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு நல்ல உறுப்பு, அதைச் செய்தவனைக் காட்டிலும் நீண்ட ஆயுள் உடையது என்பதைச் சைக்கிள் கடைக்காரரின் கையிலேயே பார்த்துவிட்டோம்.

ஊசியிலிருந்து துப்பாக்கிக்கு

நாம் தேடி வந்த பெயரும் அந்தப் பெயரும் ஒன்றுக்கொன்று உறவு. அந்த உறவைச் சொல்ல வேண்டுமானால் சற்றே சீமைக்குப் போய் வர வேண்டும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரெட்டிச் என்று ஓர் ஊர். உலகத்துத் தையற்காரர்களுக்கெல்லாம் ஊசி அளித்த ஊர் அது. அங்கே 1851-இல் ஜார்ஜ் டவுன்ஸெண்டு என்பவர் ஊசி செய்யும் தொழிலைத் தொடங்கினார். சைக்கிள் மோகம் பரவிய காலத்தில் அந்தக் குடும்பத்தார் ஊசியை விட்டுச் சைக்கிளின் ஆசனம், முன்கவை முதலான உறுப்புகளைச் செய்யத் தொடங்கினர். பிறகு முழுச் சைக்கிளும் செய்தனர். கடன் தொல்லை மிகுந்ததால் 1891-இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அத்தொழிலை ஏற்றனர். என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஆங்கில சர்க்காரின் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உறுப்புகள் செய்து தரும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையைக் கொண்டாடும் வகையில் 1893-இல் தங்கள் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று நாமகரணம் செய்தார்கள். 'துப்பாக்கியைப் போல் செய்தது' என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். 1901-இல் அந்தச் சைக்கிளின் மேல் ஒரு எஞ்சினும் ஏறிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே சொன்ன ஈடியின் பெயரால் நடந்த சைக்கிள் உறுப்புக் கம்பெனியை 1907-இல் பி.எஸ்.ஏ. வாங்கிவிட்டது. அதாவது, ஒரே வீட்டில் உண்டு வளர்ந்தவர்கள் இரண்டு குடிகளாகப் பிரிந்தார்கள். இரண்டு குடிகளும் பிறந்த நாட்டில் நொடித்துப்போய், கடைசியில் நம் சென்னப்பட்டணத்தையே புகலிடமாக அடைந்தன. என்ஃபீல்டு வடக்கே திருவொற்றியூருக்கு வந்தது. பி.எஸ்.ஏ. சைக்கிளோ மேற்கே அம்பத்தூருக்கு வந்தது. அங்கே முருகப்பா குடும்பத்தார் 1949-இல் ஓர் ஆங்கிலக் கம்பெனியுடன் சேர்ந்து ஏற்படுத்திய டி.ஐ. சைக்கிள் ஆலை, ஹெர்குலிஸ் முதலிய சீமைப் பெயர்களோடு இந்தப் பெயரையும் தாங்கிக்கொண்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஏறிப்போன பி.எஸ்.ஏ. சைக்கிளின் பூர்வகதை இதுதான்.

ஒற்றியூர்

கால்வாயைத் தாண்டினால் திருவொற்றியூர். இப்போது நெடுஞ்சாலையின் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2021-இல் அது விம்கோ நகர் வரை நீட்டப்பட்டது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். ஆலையின் பெயரே ஊருக்குப் பெயராகி, பிறகு ரயில் நிலையத்துக்கும் பெயராயிற்று. இந்தப் பிரதேசத்தின் சரித்திரமே அப்படிப்பட்டது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் தொழிலே பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். டயர்க் கம்பெனியாக வளர்ந்தது. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948-இல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆகி லாரிகளைச் செய்தது. சுதந்திரம் பெற்ற தேசம் தன் சக்கரங்களைத் தானே செய்துகொள்ள வேண்டுமென்று புறப்பட்டபோது, அதன் பட்டறைகளில் பல இந்தக் கடற்கரை மணலில்தான் எழுந்தன.

திருவொற்றியூர் பாடல் பெற்ற ஸ்தலம். பிரளய வெள்ளத்தை ஒற்றி விலகச் செய்த இடமாகையால் ஒற்றியூர் என்று பெயர் வந்ததாகப் புராணம் கூறும். ஆனால் 'ஒற்றி' என்ற சொல்லுக்கு உலக வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. நிலத்தையோ வீட்டையோ கடனுக்கு ஈடாகப் பிறர் அனுபவத்தில் விட்டு வைப்பதற்கு ஒற்றி வைத்தல் என்று பெயர். மீட்க வேண்டியவன் மீட்காமலே போய்விட்டால், வைத்திருந்து உழுது பயிரிட்டவனிடமே நிலம் தங்கிவிடுவதும் உண்டு. என்ஃபீல்டு என்ற பெயரின் கதை ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

பட்டணத்துக்கு வந்த விதம்

1949 முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற சென்னைக் கம்பெனி இந்த மோட்டார் சைக்கிள்களைச் சீமையிலிருந்து தருவித்து விற்றுவந்தது. புதிதாக வகுக்கப்பட்ட எல்லையைக் காவல் காக்க, கரடுமுரடான பாதையில் தளராமல் ஓடக்கூடிய வண்டி நம் இராணுவத்துக்குத் தேவைப்பட்டது. 350 கனசென்டிமீட்டர் எஞ்சின் பூட்டிய புல்லட்டைத் தேர்ந்தெடுத்து, நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்தார்கள். இராணுவத்துக்கு வேண்டிய பண்டத்துக்கு எத்தனை நாள் கப்பலை எதிர்பார்ப்பது? 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. 1956-இல் திருவொற்றியூர் ஆலை திறக்கப்பட்டது. முதலில் உறுப்புகள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும், இங்கே பூட்டுவார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளிவந்தன.

பூட்டுவது வேறு, செய்வது வேறு. வந்த உறுப்பைப் படம் பார்த்து முறுக்கி மாட்டுவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. அதே உறுப்பை இங்கேயே வார்த்து, கடைந்து, துளைத்து, மெருகேற்றி, மயிரிழை பிசகாமல் செய்வதற்கே தேர்ச்சி வேண்டும். சில ஆண்டுகளில் அதற்குரிய அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்து சேர்ந்தன. 1960-களின் தொடக்கத்துக்குள் முழு வண்டியும் நம் நாட்டிலேயே தயாராகத் தொடங்கிற்று.

ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரைத் தேரடிக்கு அருகில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். நாம் உபாத்தியாயர் என்று அறிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்கள், பெரியவரே! நின்றுகொண்டு பேசலாமா?" என்றோம்.

"வாத்தியாரையா எதிரே உட்காருவதற்கு இன்னும் பழகவில்லை" என்று சிரித்துவிட்டு அமர்ந்தார். "நான் பிட்டர். அந்தக் காலத்து வண்டிக்கு இரண்டு உறுப்பு ஒரே மாதிரி வராது. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவி வைப்போம். வண்டி தயாரானதும் உதைத்துக் கிளப்பிக் காதை வைத்துக் கேட்போம். சப்தத்திலேயே எங்கே குறை என்று தெரிந்துவிடும்" என்றார்.

அவர் சொன்னதில் பெருமையும் இருந்தது. ஒரு குறையின் ஒப்புதலும் இருந்தது. இரண்டு உறுப்பு ஒரே மாதிரி வராத யந்திரம், கைத்திறன் உள்ளவனிடத்தில்தான் ஒழுங்காக ஓடும். புல்லட்டு வண்டி எண்ணெய் கசியும் என்பதும், உதைக்கத் தெரியாதவன் காலைத் திருப்பி உதைக்கும் என்பதும் அந்நாளில் ஊரறிந்த விஷயங்கள். ஆனாலும் எந்த மூலையிலும் ஒரு மெக்கானிக் அதைப் பிரித்துப் பூட்டிவிடுவான் என்பதும் ஊரறிந்ததே. பெட்ரோல் தொட்டியின் பக்கங்களில் அளவுகோலும் அச்சும் இல்லாமல், தூரிகையை ஒரே மூச்சில் இழுத்துக் கையாலேயே தங்கக் கோடு வரையும் கலையும் இந்த ஆலையில்தான் வளர்ந்தது.

பிறந்த வீடு பூட்டப்பட்டது

இங்கே ஆலை வளர்ந்துகொண்டிருக்கையில் அங்கே சீமையில் தொழில் தேய்ந்துகொண்டிருந்தது. விலை மலிந்த சிறு கார்களும், எண்ணெய் ஒழுகாத ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களும் சந்தையைப் பிடித்தன. 1967-இல் ரெட்டிச் ஆலை பூட்டப்பட்டது. எஞ்சியிருந்த வேலை பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில் சிறிது காலம் நடந்து, 1970-இல் அதுவும் நின்றது. பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் கம்பெனியும் 1973-இல் வீழ்ந்தது. உலகத்துக்கு வண்டி செய்துகொடுத்த ஒரு தொழில், ஒரு தலைமுறைக்குள் கண்ணெதிரே கரைந்துபோயிற்று.

திருவொற்றியூரிலோ புல்லட்டு வண்டி வந்துகொண்டே இருந்தது. நம் நாட்டில் அயல்நாட்டு வண்டிகளுக்குக் கதவடைத்திருந்த காலம், போட்டி இல்லை. இராணுவமும் போலீஸும் வாங்கின. மாற்ற வேண்டிய அவசரம் இல்லாமையால் வண்டி மாறவும் இல்லை. இதைச் சோம்பல் என்று ஒருவர் சொன்னால் முழுவதும் மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சோம்பலுக்குள்ளே ஒரு பாதுகாப்பு இருந்தது. பழைய அச்சுகளும், பழைய அளவுகளும், அவற்றைக் கையாளத் தெரிந்த தொழிலாளர்களும் சிதறாமல் ஒரே இடத்தில் இருந்தார்கள். 1977-இல் திருவொற்றியூர் வண்டி கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயிற்று. தாய் வீட்டுக்குச் சீர் கொண்டுபோன பெண்ணைப் போல, தான் பிறந்த தேசத்துத் தெருக்களில் அது மறுபடி ஓடியது.

புத்துயிர்

சுகமான காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1980-களில் ஜப்பானியக் கூட்டுறவோடு இலேசான வண்டிகள் நம் நாட்டிலும் வந்து குவிந்தன. பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் வண்டியையே ஜனங்கள் நாடினார்கள். டீசலில் ஓடும் புல்லட்டும் செய்து பார்த்தார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. டிராக்டர் செய்துவந்த ஐச்சர் நிறுவனம் 1990-இல் கூட்டுச் சேர்ந்து, 1994-இல் கம்பெனியைத் தனதாக்கிக்கொண்டது. பழைய முழுப் பெயரான ராயல் என்ஃபீல்டு மறுபடி பலகையில் ஏறியது. ஆனால் பலகை மாறினால் வியாபாரம் மாறிவிடுமா? 2000-ஆம் ஆண்டில் மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய ஆலையில் சுமார் 2,000 வண்டிகளே வெளிவந்தன. விற்றுவிடலாம், அல்லது மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

அப்போது முதலாளி குடும்பத்து இளைஞரான சித்தார்த்த லால், இருபத்தாறு வயதில், தமக்கு ஒரு சந்தர்ப்பம் தரும்படி கேட்டுப் பொறுப்பை ஏற்றார். ஜெய்ப்பூரில் தொடங்கியிருந்த புதிய ஆலையை மூடி, திருவொற்றியூரிலேயே கவனத்தைச் செலுத்தினார். எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்பதே அவர் முன் நின்ற கேள்வி. வலது காலில் இருந்த கியர் இடது காலுக்கு மாறிற்று. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் தனித்தனியாக இருந்த பழைய வார்ப்பிரும்பு அமைப்பு விடைபெற்று, இரண்டும் ஒன்றாக அமைந்த புதிய எஞ்சின் 2008 முதல் வந்தது. உருவமும், உட்காரும் தோரணையும், கூடியவரையில் அந்த நிதானமான சப்தமும் மட்டும் அப்படியே விடப்பட்டன. 2009-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'கிளாஸிக்' என்ற வண்டியைப் பெற ஜனங்கள் மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். கம்பெனி தன் டிராக்டர்த் தொழிலை 2005-இலேயே சென்னையைச் சேர்ந்த டாஃபேக்கு விற்றுவிட்டது. 2024-25-ஆம் ஆண்டில் விற்பனையான மோட்டார் சைக்கிள்கள் 10 இலட்சத்தைத் தாண்டின.

இவற்றையெல்லாம்விட நமக்கு வியப்பாயிருந்தது வேறொன்று. 2017-இல் இந்தக் கம்பெனி இங்கிலாந்தில் ப்ரண்டிங்தார்ப் என்னுமிடத்தில் ஒரு நுட்ப ஆராய்ச்சிக் கூடத்தைத் திறந்தது. ஆங்கில நிபுணர்கள் அங்கே வரையும் வண்டியைத் தமிழ்நாட்டுத் தொழிலாளி செய்கிறான். முன்பு அவர்கள் முதலாளி, நாம் கூலி. இப்போது கணக்குப் புத்தகம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

மற்றப் பெயர்களின் கதி

எல்லாப் பெயர்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. சைக்கிள் உலகில் இரண்டு பெயர்கள் மிகவும் பிரசித்தமானவை. ஒன்று, 1866-இல் பர்மிங்ஹாமில் தோன்றிய புரூக்ஸ் தோல் ஆசனம். மற்றொன்று, 1902-இல் நாட்டிங்ஹாமில் பிறந்த ஸ்டர்மி-ஆர்ச்சர். பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே மூன்று கியர்களை ஒளித்து வைத்த விந்தை அதனுடையது. இரண்டும் ராலே குடும்பத்தைச் சார்ந்திருந்தவை. 2000-ஆம் ஆண்டில் இரண்டும் ஒரே கைக்கு விற்கப்பட்டு, வாங்கிய கம்பெனி சில மாதங்களிலேயே நொடித்தது. அதன் பின் புரூக்ஸை ஓர் இத்தாலியக் கம்பெனி 2002-இல் வாங்கி, ஸ்மெதிக்கில் பழைய தொழிலாளர்களைக் கொண்டு பழைய யந்திரங்களிலேயே தோலை இழுத்துப் பதிக்கும் வேலையைத் தொடர்ந்தது. ஸ்டர்மி-ஆர்ச்சரைத் தைவான் நாட்டுக் கம்பெனி வாங்கி, யந்திரங்களோடு கப்பலேற்றிக்கொண்டு போயிற்று. நாட்டிங்ஹாமில் நினைவு மட்டும் நின்றது. பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளின் பெயரையோ மஹிந்திரா குழுவைச் சார்ந்த ஓர் இந்தியக் கம்பெனி 2016-இல் வாங்கி, 2021-இல் புது வண்டியொன்றை அதே பெயரில் வெளியிட்டது. அரை நூற்றாண்டுக் காலம் அந்தப் பெயரில் பேர் சொல்லும்படியான மோட்டார் சைக்கிள் இல்லாதிருந்த பிறகு நடந்த புனர்ஜன்மம் அது.

ஆக, ஒரு பெயர் புத்துயிர் பெறுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பட்டறையும் பெயரும் ஒரே இடத்தில் தங்கலாம். பட்டறையோடு பெயர் வேறு தேசத்துக்குப் போகலாம். பட்டறை அழிந்தபின் பெயரை மட்டும் விலைக்கு வாங்கலாம். என்ஃபீல்டு இவற்றில் எதிலும் சரியாக அடங்காது. அது சாகவே இல்லை, ஒற்றியில் இருந்தது. பிறந்த வீட்டில் விளக்கு அணைந்தபோதும் ஒற்றியூரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஒருவர் வந்து ஊதியபோது நெருப்புப் பற்றியதற்குக் காரணம், நாற்பத்து நான்கு ஆண்டுகள் சாம்பலுக்குள் கங்கைக் காத்து வைத்திருந்த கைகள்.

யாருடைய பெயர்?

நம்மோடு பணி புரியும் ஆசிரியர் ஒருவர் சுதேசி அபிமானம் மிக்கவர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "சீமைத் துணியைக் கொளுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் ஊரில் செய்த வண்டியின் மேல் ஆங்கில சர்க்காரின் துப்பாக்கி ஆலைப் பெயரை ஒட்டிக்கொண்டு பெருமைப்படுவது என்ன நியாயம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பெயர் அந்நியருடையதுதான். வண்டியின் முதல் உருவமும் அந்நியருடையதே. ஆனால் ஒரு வித்தையை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டு, கற்பித்தவனே மறந்துபோன பிறகும் மறவாமல் செய்துவந்தால், அந்த வித்தை யாருடையது? சுதேசியம் என்பது பலகையில் எழுதிய எழுத்தில் இல்லை. செய்யத் தெரிந்த விரலில் இருக்கிறது என்பது நம் எண்ணம். வெறும் பெயரை நாம் வாங்கியிருந்தால் நண்பரின் குற்றச்சாட்டு முழுவதும் பொருந்தியிருக்கும். நாம் தொழிலை வாங்கினோம்.

நண்பர் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் உடனே அடுத்த கேள்வியைப் போட்டார்: "அப்படியானால் அந்த விரல் இன்று எங்கே இருக்கிறது?"

இதற்குப் பதில் சொல்வதுதான் கடினம். 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள் எழுந்தன. பெரும்பாலான உற்பத்தி அங்கே போயிற்று. பட்டணத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் அகன்ற சாலைகளும் புதிய குடியிருப்புகளும் பெருகின. வடக்கே எஞ்சியவை புகையும் லாரியும் சேறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரையில் படர்ந்தது. வலைகளும் படகுகளும் கறுத்தன. மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் வாரக் கணக்கில் தொழிலின்றி இருந்தார்கள். தேசத்துக்குச் சக்கரம் செய்து கொடுத்த பிரதேசத்துக்குத் தேசம் திருப்பிக் கொடுத்தது இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

திருவொற்றியூரில் வாழ்ந்த சங்கிலி நாச்சியாரை மணக்க விரும்பிய சுந்தரர், மகிழ மரத்தடியில், 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் நினைவு மேலிட, அந்தச் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராண வரலாறு. வியாபாரம் செய்கிறவர்கள் எந்த மரத்தடியிலும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. இடம் போதாதபோது ஆலை வேறிடம் போவதும் உலக இயற்கை. ஆனால் தம்மை வளர்த்த ஊரை மறந்தவர்களுக்குப் பார்வையில் ஏதோ ஒன்று குறைந்துவிடும் என்ற எச்சரிக்கை இந்த ஸ்தலத்துக்கே உரியது. அது முதலாளிகளுக்கு மட்டும் சொன்னதல்ல, நமக்கும் சொன்னதே.

நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் புல்லட்டு வண்டி மேல் ஆசை கொள்ளாதவன் இல்லை. அதன் விலையும் வேகமும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்த வண்டி நம் திருவொற்றியூரில்தான் உயிர் பிழைத்தது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். சிலருடைய தாத்தாவே அங்கே பிட்டராகவோ டர்னராகவோ இருந்திருப்பார். வீட்டில் யாரும் சொன்னதில்லை. ரெட்டிச்சில் ஊசி செய்த தொழிலுக்கு ஒரு காட்சிச்சாலை வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, தங்கள் பாட்டன்மார் எப்படிக் கம்பியை ஊசியாக்கினார்கள் என்று பார்த்துப் போகிறார்கள். பலூன் டயரான கதையும், தீக்குச்சி ஊரான கதையும், ஊசிக் கம்பெனி புல்லட்டான கதையும் நடந்த இந்தக் கடற்கரைக்கும் அப்படி ஒரு கூடம் வேண்டும். அதைவிட முக்கியமாக, அரம் பிடிக்கவும் லேத்து ஓட்டவும் கற்றுத் தரும் கூடங்கள் மணலியிலும் திருவொற்றியூரிலும் பெருக வேண்டும். கற்ற பிள்ளைகளுக்கு மூட்டை தூக்கும் ஒப்பந்தக் கூலியாக அல்லாமல், தொழில் தெரிந்தவனுக்குரிய மதிப்போடு வேலையும் கிடைக்க வேண்டும்.

மணலிக்குப் போய் என்ன பார்க்கலாம் என்று கேட்ட நண்பர்களுக்கு இனி நம்மிடம் விடை உண்டு. சாத்தாங்காட்டுச் சாலையில் மரையைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கும் சைக்கிள் கடைக்காரரைப் பார்க்கலாம். சப்தத்தைக் கேட்டே குறையைச் சொல்லும் காது படைத்த பெரியவரோடு தேரடியில் தேநீர் அருந்தலாம். நம்மிடம் ஒற்றி வைக்கப்பட்டது வெறும் பெயர் அல்ல, ஒரு தொழில். அதை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்தால்தான் அந்தச் சொத்து நமக்குப் பாத்தியமாகும்.